பழைய ஜீப் வீட்டுக்கு வரலாமா?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரியின் கடிதம். “அக்கா, எங்கள் வீட்டுக்காரர் ஒரு ஜிப்ஸி வண்டியைப் பார்த்துவிட்டு வந்து, அதைத்தான் வாங்குவேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறார். 2008-ஆம் வருஷத்து வண்டி. 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. மூணரை லட்சம் கேட்கிறாங்க. தார் ரோட்டிலிருந்து எங்க வீட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் மண் பாதை. கைக்குழந்தை வேறு இருக்கு. பணத்துக்கு என் நகையை வைக்கணும்னு சொல்றார். என்ன செய்யட்டும்?”

நல்ல கேள்வி! கார் விஷயம் ஆண்கள் பாடு என்று நம்மில் பலர் ஒதுங்கி விடுகிறோம். நகை போகும்போது மட்டும் நம் கழுத்திலிருந்துதானே போகிறது? ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும்.

முதலில், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி நமக்குத் தேவைதானா? சேற்றிலும் வழுக்கும் ஏற்றத்திலும் அது இழுத்துக்கொண்டு போகும், அதில் சந்தேகமில்லை. ஆனால், பிரேக் பிடித்து நிற்கும்போது அதனால் ஒரு லாபமும் இல்லை. இறக்கத்தில் காப்பாற்றுபவை நல்ல டயரும், நல்ல பிரேக்கும், ஓட்டுபவரின் நிதானமும்தான். ஒரு மழைக்காலம் முழுவதும் காலண்டரில் குறித்து வையுங்கள். சாதாரண வண்டி ஏற முடியாத நாட்கள் எத்தனை? பத்துப் பதினைந்து நாட்கள்தான் என்றால், அந்த நாட்களில் வாடகை ஜீப்பே மலிவு. வாரத்தில் பாதி நாள் என்றால், ஆசை நியாயமானதுதான்.

அடுத்தது பெட்ரோல் கணக்கு. ஜிப்ஸி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தால் பெரிது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் 100 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்துக் கொண்டாலும் 10,000 ரூபாய். 18 கிலோமீட்டர் கொடுக்கும் சின்னக் காருக்கு 5,600 ரூபாய் போதும். மாதா மாதம் 4,400 ரூபாய் வித்தியாசம்! பால் கணக்கும் மளிகைக் கணக்கும் போடுகிற நமக்கு இதன் அர்த்தம் புரியாதா?

“1,60,000 ஓடிவிட்டதே!” என்று அதற்காக மட்டும் பயப்பட வேண்டாம். காலாகாலத்தில் ஆயில் மாற்றி, தார் ரோட்டில் ஓடிய வண்டி 2 லட்சம் தாண்டியும் நன்றாக உழைக்கும். ஆற்றிலும் சேற்றிலும் புரண்ட வண்டி 60,000-லேயே நொந்து போயிருக்கும். ஆகவே சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். மீட்டரைக் குறைத்து வைப்பவர்களும் உண்டு. மீட்டர் 50,000 என்று காட்டும்போது, கிளட்ச் மிதியின் ரப்பர் தேய்ந்து வழவழவென்றிருந்தால், எதை நம்புவது? மிதியைத்தான்!

வண்டியைக் காலையில், இஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்கச் சொல்லுங்கள். புகை நீலமாக வந்தால் இஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம். ஆயில் மூடியின் அடியில் பால் காபி போலப் படிந்திருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். கால்மிதியைத் தூக்கித் தரையைப் பாருங்கள். அடியில் குனிந்து சேஸிஸைப் பாருங்கள். துருவின் மேல் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் உஷார்!

இந்த வகை வண்டிக்கென்றே ஒரு சோதனை உண்டு. கியர் பக்கத்தில் இன்னொரு சின்ன லீவர் இருக்கும். மண் தரையில் நிறுத்தி, அதை நான்கு சக்கர நிலைக்கு மாற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். விழ மறுத்தாலும், கடகடவென்று சத்தம் வந்தாலும் செலவு காத்திருக்கிறது. காய்ந்த தார் ரோட்டில் அந்த நிலையில் ஓட்டவே கூடாது. திருப்பங்களில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் சுற்றுவதால் பல்சக்கரங்கள் முறுக்கேறிக் கெடும். இதனால்தான் நான்கு டயரும் ஒரே அளவில், ஒரே மாதிரி தேய்ந்திருக்க வேண்டும். விற்பவருக்கு வேண்டாத மெக்கானிக் ஒருவரிடம் கூலி கொடுத்து இதையெல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். அது வீண் செலவாகாது.

காகிதமும் முக்கியம். சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டுதான். பிறகு வண்டியைக் காட்டி, 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து இதற்கு 5,000 ரூபாய்; 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. உங்கள் ஜிப்ஸிக்கு 2023-லேயே 15 வயது முடிந்துவிட்டது. புதுப்பித்தார்களா? ஆர்.சி.யைக் கையில் வாங்கிப் பாருங்கள். கடன் பாக்கி இல்லை என்ற சான்றும் வேண்டும். பணம் கொடுத்த கையோடு பெயரை மாற்றிக் கொள்ளுங்கள்.

கடைசியாக, குழந்தை. ஜிப்ஸியில் காற்றுப் பை கிடையாது. பின்னால் பெரும்பாலும் எதிரெதிரே பார்த்த பக்கவாட்டு பெஞ்சுகள்தான், பெல்ட்டும் இருக்காது. மடியில்தானே வைத்திருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். வேகமாகப் போய் மோதினால் எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து வைக்க முடியாது. முன்னோக்கிய இருக்கையில், பெல்ட் மாட்டி, அதில் குழந்தை இருக்கையைக் கட்ட வேண்டும். அதற்கு வசதியில்லாத வண்டி குடும்ப வண்டி ஆகாது.

ஆகவே சகோதரி, என் யோசனை இதுதான்: நகையை வைத்து இந்த வண்டியை வாங்க வேண்டாம். பழைய வண்டிக்கு விலையோடு செலவு நிற்காது. விலையில் கால் பங்காவது ரிப்பேருக்குத் தனியாக இருக்க வேண்டும். வட்டியும் ரிப்பேரும் ஒரே மாதத்தில் வந்தால் எதை முதலில் கட்டுவீர்கள்? சேமிப்புக்குள் அடங்கும் சின்னக் காரை நல்ல டயரோடு வாங்கி, மழை நாளில் தார் ரோட்டோரமே நிறுத்திக் கொள்ளலாம். பாதை நிஜமாகவே மோசம் என்று காலண்டர் சொன்னால், பணம் சேர்ந்த பிறகு, பின் இருக்கையில் பெல்ட் உள்ள நான்கு சக்கர வண்டியாகத் தேடுங்கள்.

இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம். சாப்பாடு முடிந்து அவர் நிதானமாக இருக்கும்போது, கணக்கு நோட்டை எடுத்து முன்னால் வையுங்கள். “நீங்களே கூட்டிப் பாருங்களேன்” என்று சொன்னால் போதும்.