தர்மபுரி யாருடைய கோட்டையும் அல்ல

2024 ஜூன் 4, வாக்கு எண்ணிக்கை நாள். தீர்த்தமலை கடைவீதியில் நின்றவர்கள் எல்லாம் ஆளுக்கொரு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தர்மபுரி மக்களவைத் தொகுதியில் பாமக வேட்பாளர் சௌமியா அன்புமணி முன்னிலையில் இருந்தார். "அவ்வளவுதான் ஹஜ்ரத், இது அவங்க கோட்டைதானே" என்றார் தெரிந்த ஒரு பெரியவர். எண்ணிக்கை முடிந்தபோது திமுகவின் ஆ. மணி 21,300 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றிருந்தார்.

'கோட்டை' என்ற சொல் நம் சமுதாயத்தைப் பல தேர்தல்களில் சோர்வடைய வைத்திருக்கிறது. "நம்ம நாலு ஓட்டு போய் என்ன ஆகப்போகுது?" என்ற பேச்சு ஒவ்வொரு முஹல்லாவிலும் கேட்கிறது. தமிழக மக்கள்தொகையில் முஸ்லிம்கள் 5.86 சதவீதம் என்கிறது 2011 கணக்கெடுப்பு. தர்மபுரி மாவட்டத்தில் நம் பங்கு அதைவிடவும் குறைவு. ஆனால் இத்தொகுதியின் வரலாறு அந்தப் பேச்சுக்கு இடம் தரவில்லை.

13 தேர்தல்கள், ஒரே ஒரு விதிவிலக்கு

மாவட்டத்தின் பாலக்கோடு, பென்னாகரம், தர்மபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் (தனி) ஆகிய ஐந்து சட்டமன்றத் தொகுதிகளும், சேலம் மாவட்டத்தின் மேட்டூரும் சேர்ந்ததே இன்றைய தர்மபுரி மக்களவைத் தொகுதி. தீர்த்தமலை அரூரில் வருகிறது.

1977இல் காங்கிரஸின் வாழப்பாடி ராமமூர்த்தி வென்றார். 1980இல் திமுகவின் அர்ஜுனன், 1984இல் அதிமுகவின் தம்பிதுரை, 1989இல் அதிமுகவின் சேகர், 1991இல் காங்கிரஸின் தங்கபாலு, 1996இல் தமாகாவின் தீர்த்தராமன் வென்றார்கள். 1998, 1999, 2004 ஆகிய மூன்று தேர்தல்களிலும் பாமகவின் பாரிமோகன், இளங்கோவன், செந்தில் அடுத்தடுத்து வென்றார்கள். 2009இல் திமுகவின் தாமரைச்செல்வன், 2014இல் பாமகவின் அன்புமணி ராமதாஸ், 2019இல் திமுகவின் செந்தில்குமார், 2024இல் மணி.

இந்தப் பட்டியலைத் தமிழகத்தின் மொத்த முடிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 13 தேர்தல்களில் 12 முறை, மாநிலத்தில் எந்தக் கூட்டணி அதிக இடங்களைப் பிடித்ததோ அந்தக் கூட்டணியே தர்மபுரியிலும் வென்றிருக்கிறது. பாமகவின் மூன்று தொடர் வெற்றிகளும் அப்படித்தான். 1998இல் அக்கட்சி அதிமுக, பாஜகவோடு நின்றது. 1999இல் திமுக, பாஜகவோடு நின்றது. 2004இல் பாஜகவுக்கு எதிராகத் திமுக, காங்கிரஸோடு நின்றது. மூன்று முறையும் கட்சி ஒன்று, அணி வேறு. கட்சிக்கென்று சொந்த வாக்கு இருந்தது உண்மை. அது வெற்றியாக மாறியது கூட்டணியால்.

விதிவிலக்கு 2014. அதிமுக 37 இடங்களை அள்ளிய அத்தேர்தலில், பாஜக அணியில் நின்ற அன்புமணி இங்கே 77,146 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். அதற்கு ஒன்றரை ஆண்டுகளுக்கு முன், 2012 நவம்பர் 7 அன்று, ஒரு கலப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. மாவட்டம் சாதியால் பிளந்து கிடந்த காலம் அது. ஒரு வெற்றிக்குப் பல காரணங்கள் இருக்கும். ஆனால் இந்தப் பின்னணியை மறைத்துவிட்டு அந்தத் தேர்தலைப் பேச முடியாது.

2019இல் மக்களவைத் தேர்தலோடு அரூர், பாப்பிரெட்டிப்பட்டி சட்டமன்ற இடைத்தேர்தல்களும் ஒரே நாளில் நடந்தன. மக்களவைத் தொகுதி திமுகவுக்குப் போனது. இரண்டு இடைத்தேர்தல்களிலும் அதிமுக வென்றது. 2021இல் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் அதிமுக, பாமக அணியின் கைக்குப் போயின. மூன்றே ஆண்டுகளில் மக்களவைத் தேர்தலில் மீண்டும் திமுக. இதையா கோட்டை என்பது?

வென்றவருக்கு 35 சதவீதம்

2024 கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். மணி பெற்றது 4,32,667 வாக்குகள், அதாவது பதிவானதில் ஏறத்தாழ 35 சதவீதம். சௌமியா அன்புமணி பெற்றது 4,11,367. அதிமுக வேட்பாளர் அசோகன் ஏறத்தாழ 2.93 லட்சம் பெற்றார். பின்னிரண்டு பேரின் வாக்குகளையும் கூட்டினால் 7 லட்சத்தைத் தாண்டுகிறது. எதிரணி இரண்டாகப் பிரிந்ததே இந்த வெற்றிக்கு வழிவிட்டது. அதிமுகவும் பாஜகவும் 2025 ஏப்ரலில் மீண்டும் கைகோத்துவிட்ட நிலையில், அதே கணக்கு மறுபடியும் அமையும் என்று எண்ணி யாரும் உறங்கிவிட முடியாது.

இன்னொரு எண்ணும் உண்டு. 81.2 சதவீத வாக்குப்பதிவோடு அன்று தர்மபுரிதான் மாநிலத்திலேயே முதலிடம். அப்படியிருந்தும் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களில் ஏறத்தாழ 2.8 லட்சம் பேர் வரவில்லை. வெற்றி வித்தியாசத்தைப் போல் 13 மடங்கு இது. ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்கும் பிரித்துப் பார்த்தால், தொகுதிக்குச் சுமார் 3,550 வாக்குகள்தான் வித்தியாசம். "நம்ம நாலு ஓட்டு" என்பவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே நடந்தது டெல்லியில் எதிரொலித்தது

2019இல் 70,753 வாக்குகளில் தர்மபுரியில் தோற்ற அன்புமணி, அதே ஆண்டு ஜூலையில் அதிமுக ஆதரவோடு மாநிலங்களவைக்குச் சென்றார். டிசம்பர் 11 அன்று குடியுரிமைத் திருத்த மசோதா அங்கே 125க்கு 105 என நிறைவேறியது. அதிமுகவின் 11 உறுப்பினர்களும் அவரும் மசோதாவை ஆதரித்தார்கள். அந்த 12 வாக்குகளும் எதிர்த்து விழுந்திருந்தால் 113க்கு 117 என்று கணக்கு மாறியிருக்கும். நம் குடும்பங்களைப் பழைய பத்திரங்களைத் தேடி அலையவைத்த அந்த அச்சத்துக்கும், நம் ஊர்க் கூட்டணிப் பேரத்துக்கும் இவ்வளவு நெருக்கமான தொடர்பு இருந்தது. தோற்றவருக்கும் கூட்டணி ஒரு வாசலைத் திறக்கும். ஆகவே வேட்பாளரை மட்டும் பார்த்தால் போதாது. அவர் யாரோடு நிற்கிறார், அவையில் எப்படி வாக்களிப்பார் என்பதையும் கேட்க வேண்டும்.

வாச்சாத்தி சொல்லும் பாடம்

எண்ணிக்கை குறைந்தவர்களால் என்ன முடியும் என்பதற்கு நாம் தூரத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை. அரூர் வட்டத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டைச் சோதனை என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்த மலைவாழ் மக்களின் ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் அதே தேதியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அந்த ஏழைகள் எண்ணிக்கையால் வெல்லவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் உடன் நிற்க, 31 ஆண்டுகள் சாட்சியத்திலிருந்து பின்வாங்காமல் நின்று வென்றார்கள். அரூர் தொகுதி 2006இலும் 2011இலும் அந்தக் கட்சியின் டில்லிபாபுவைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது.

வாக்கு என்பது ஒரு ஷஹாதத், ஒரு சாட்சியம் என்று உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். நமக்கே பாதகமானாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை அநீதிக்குத் தள்ளிவிடக் கூடாது என அல்மாயிதா 8ஆம் வசனம் எச்சரிக்கிறது. எந்தச் சாதியாரையும் பகையாக எண்ணி வாக்களிப்பது நம் வழியல்ல. ஃபுளோரைடு கலந்த தண்ணீரும், பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறும் நிலையும் இங்கே எல்லாருக்கும் பொதுவானவை. அவற்றில் அவர்களோடு நாம் நின்றால், நம் வக்ஃபு சொத்துக்கும் குடியுரிமைக்கும் அவர்கள் நம்மோடு நிற்பார்கள்.

இப்போது செய்ய வேண்டியது

மிம்பரில் கட்சிப் பெயர் சொல்வது என் வேலையல்ல. ஆனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் 2025 டிசம்பர் 19 அன்று வெளியான தமிழக வரைவு வாக்காளர் பட்டியலில் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இல்லை. அவற்றில் பெரும்பகுதி இடம்பெயர்ந்தவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் நீக்கப்பட்டவை. வேலைக்காக வெளியூர் போகும் பிள்ளைகள் நிறைந்த நம் மாவட்டம் இதில் அலட்சியமாக இருக்கலாகாது.

ஒவ்வொரு ஜமாஅத்தும் வீடு வீடாகப் பட்டியலைச் சரிபார்க்கட்டும். பெயர் இல்லாதவர்கள் படிவம் 6, முகவரி மாறியவர்கள் படிவம் 8, வளைகுடாவில் இருப்பவர்கள் படிவம் 6ஏ தர வேண்டும். கட்டிக்கொடுத்த நம் பெண்மக்களின் பெயர் பிறந்த வீட்டிலும் இல்லாமல் புகுந்த வீட்டிலும் இல்லாமல் போய்விடக் கூடாது. இதில் உதவி வேண்டும் பக்கத்து வீட்டு மாற்றுமதச் சகோதரருக்கும் சேர்த்துச் செய்யுங்கள்.

21,300 என்பது பெரிய எண் அல்ல. பட்டியலில் பெயரே இல்லாதவன் அந்த எண்ணை மாற்ற முடியாது. அல்லாஹ் நம் அமானிதத்தைச் சரியாக நிறைவேற்ற நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.