தெரியாததை ‘இல்லை’ என்று எழுத வேண்டாம்



இந்த முறை எமது நலப் பக்கத்தில் கர்ப்ப காலத்தில் வரும் நீரிழிவு பற்றிப் பார்ப்போம். ஊரில் இதைச் சலரோகம் என்போம், சீனி வருத்தம் என்போம். வயிற்றில் பிள்ளையோடு இந்த நாட்டில் வந்து இறங்கியவர்களும், இரண்டாவது பிள்ளைக்கு யோசிப்பவர்களும் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். கணவன்மாரும் வாசித்தால் நல்லது. பல வீடுகளில் கிளினிக் படிவம் நிரப்புவது அவர்கள்தானே.

கர்ப்பிணி ஒருவர் முதல் தடவை டொக்டரிடம் போனதும் ஒரு நீண்ட படிவம் கொடுப்பார்கள். தாய் தகப்பனுக்கு நீரிழிவு உண்டா? சகோதரங்களுக்கு உண்டா? முன்பு பிறந்த பிள்ளை எத்தனை இறாத்தல்? போன கர்ப்பத்தில் சீனி கூடியிருந்ததா? பிள்ளை ஏதும் இறந்து பிறந்ததா? எங்களில் அநேகர் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று அடையாளம் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பொய் சொல்லும் எண்ணம் ஒருவருக்கும் இல்லை. உண்மையில் எங்களுக்குத் தெரியாது. ஆனால் டொக்டர் அந்தத் தாளைப் பார்த்து, ‘இவருக்கு ஆபத்து குறைவு’ என்று நினைத்துக்கொள்வார். ‘தெரியாது’ என்றால் அவர் சோதித்துப் பார்ப்பார். ‘இல்லை’ என்றால் விட்டுவிடலாம்.

ஏன் வருகிறது?

பிள்ளைக்கு உணவு கொண்டுபோகும் நச்சுக்கொடி சில ஹோர்மோன்களையும் சுரக்கிறது. அவை தாயின் உடலில் இன்சுலின் செய்யும் வேலையைத் தடுக்கின்றன. மாதம் ஏற ஏற இந்தத் தடையும் கூடும். பெரும்பாலான தாய்மாரின் கணையம் இன்னும் கொஞ்சம் இன்சுலினைச் சுரந்து சமாளித்துவிடும். சமாளிக்க முடியாதவர்களுக்கு இரத்தத்தில் சீனி கூடுகிறது.

தாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. தாகமோ களைப்போ இருந்தாலும் பிள்ளைத்தாய்ச்சிக் களைப்பு என்றே எண்ணுவோம். ஆனால் கூடிய சீனி பிள்ளைக்கும் போகிறது. பிள்ளை அளவுக்கு மீறிப் பெருத்தால் பிரசவத்தில் தோள் சிக்கலாம், சிசேரியன் தேவைப்படலாம். பிறந்த கையோடு பிள்ளையின் சீனி திடீரென இறங்கலாம். தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறலாம். ஆகவே இது சாதாரண விசயமல்ல. அதேவேளை, நேரத்துக்குக் கண்டுபிடித்தால் பல தாய்மாருக்குச் சாப்பாட்டு ஒழுங்கும் நடையுமே போதும். சிலருக்கு இன்சுலின் தேவைப்படும். ‘நீ இனிப்புத் தின்றதால்தான் வந்தது’ என்று அந்தத் தாயைக் குற்றம் சொல்லாதீர்கள்.

யாருக்கு வரக்கூடும்?

1. தாய், தகப்பன், சகோதரங்களில் யாருக்காவது நீரிழிவு உள்ளவர்கள்.
2. முந்திய கர்ப்பத்தில் சீனி கூடியவர்கள்.
3. 9 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 4 கிலோ, அல்லது அதற்கு மேற்பட்ட நிறையில் பிள்ளை பெற்றவர்கள்.
4. காரணம் தெரியாமல் பிள்ளை இறந்து பிறந்தவர்கள்.
5. உடல் நிறை கூடியவர்கள், உடல் அசைவு குறைந்தவர்கள்.
6. வயது ஏறிய தாய்மார். 25க்குப் பிறகே ஆபத்து மெல்லக் கூடத் தொடங்கும். 35க்கு மேல் இன்னும் கூடும்.
7. பி.சி.ஓ.எஸ். எனப்படும் சூலகக் கட்டி வருத்தம் உள்ளவர்கள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள்.
8. தெற்காசிய வம்சத்தவர். அதாவது நாங்கள் எல்லோரும்.

எட்டாவதைக் கவனியுங்கள். முதற் பிள்ளை பெற்ற தாய்மாரை அமெரிக்கா முழுவதும் கணக்கெடுத்த ஆய்வு ஒன்று 2021இல் வெளிவந்தது. 2019ஆம் ஆண்டில் 1000 பிரசவத்துக்குச் சராசரியாக 64 பேருக்குக் கர்ப்ப கால நீரிழிவு இருந்தது. இந்திய வம்சத் தாய்மாரில் அது 129. சராசரியின் இரண்டு மடங்கு! இலங்கையர் அந்தக் கணக்கில் தனியாக இல்லை. ஆனாலும் எங்களுக்கு மிகக் கிட்டிய உறவு அவர்கள்தான்.

‘நான் மெலிந்த ஆள், எனக்கு வராது’ என்பதும் சரியல்ல. இங்கு பொதுவாக உடற்திணிவுச் சுட்டி 25ஐத் தாண்டினால்தான் நிறை கூட என்பார்கள். ஆசிய வம்சத்தவருக்கு 23இலிருந்தே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015இல் சொன்னது. 5 அடி 2 அங்குல உயரமான பெண்ணுக்கு அது 126 இறாத்தல் அளவில் வரும். கண்ணாடியில் பார்த்தால் அவர் குண்டாகத் தெரியமாட்டார்.

கிராமத்து வாழ்க்கை காப்பாற்றும் என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 12,000 கர்ப்பிணிகளுக்கு மேல் சோதித்த ஆய்வொன்று 2008இல் வெளிவந்தது. நகரத்தில் 100க்கு 17.8 பேர், கிராமத்திலும் 100க்கு 9.9 பேர். ஆய்வை நடத்தியவர்களில் முதன்மையானவர் சென்னை நீரிழிவு நிபுணர் டொக்டர் வி. சேஷையா. தமிழ்நாட்டு அரசு 2007இலேயே எல்லாக் கர்ப்பிணிகளையும் சோதிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அங்கே 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணித்தியாலத்தின் பின் ஒரு தடவை இரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொல்வதில்லை. தூரத்திலிருந்து பஸ்ஸில் வரும் தாயை இன்னொரு நாள் வா என்று அனுப்பினால் அவர் வரமாட்டார் என்று தெரிந்து செய்த ஏற்பாடு இது.

குடும்பக் கதையைக் கேட்டு எழுதுங்கள்

ஊரில் குடும்ப நல மிஸ் வீடு தேடி வருவா. மாமிக்குச் சீனி, தாய்க்குப் பிறசர் என்று அவவுக்கே தெரியும். இங்கு ஒருவரும் வாசலுக்கு வரமாட்டார்கள். எங்கள் கதையை நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். ஆனால் அந்தக் கதை சிதறிப் போய்க் கிடக்கிறது. கிளினிக் அட்டை 1995 இடப்பெயர்விலோ 2009இல் வன்னியிலோ போயிருக்கும். சிலருக்கு முதற் பிள்ளை தமிழ்நாட்டு முகாமில் பிறந்திருக்கும். சிலரின் தாய் தகப்பன் இரத்தம் சோதிக்க வசதியில்லாத காலத்திலேயே கண்ணை மூடியிருப்பார்கள்.

ஆகவே யாழ்ப்பாணம், ரொறன்ரோ, லண்டன் என்று எங்கே உறவு இருக்கிறதோ அங்கே ஒரு அழைப்பு எடுங்கள். ‘நீரிழிவு இருந்ததா’ என்று மட்டும் கேட்டால் ‘அப்படி ஒன்றுமில்லை’ என்றுதான் மறுமொழி வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

அப்பாவின் கால்ப்புண் ஏன் ஆறவில்லை? பெரியம்மாவுக்குக் கால்விரல் எடுத்தது எதற்கு? அம்மா ஏன் சீனியில்லாத் தேத்தண்ணி குடித்தவ? காலையில் என்ன குளிசை போட்டவ? நான் பிறந்தபோது அம்மாவுக்குச் சீனி இருந்ததா? மூத்தவன் பிறந்தபோது என்ன நிறை என்று யாருக்காவது நினைவிருக்கிறதா?

கிடைத்த மறுமொழிகளை ஒரு தாளில் எழுதி டொக்டரிடம் கொடுங்கள். கிடைக்காதவற்றுக்கு ‘தெரியாது’ என்றே எழுதுங்கள். ஆபத்துள்ளவர்களுக்கு, முன்பே தெரியாமல் இருந்த நீரிழிவு உண்டா என்று ஆரம்ப மாதங்களிலேயே சோதிக்கலாம். நீங்களே கேட்கலாம்.

கணவனுக்கோ மாமிக்கோ முன்னால் சொல்ல முடியாத விசயங்களும் உண்டு. தங்காமல் போன பிள்ளையைப் பற்றிப் பேச எந்தத் தாய்க்கும் நெஞ்சு வலிக்கும். இதற்காகத்தான் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கச் சொல்கிறேன். அரசாங்கப் பணம் பெறும் ஆஸ்பத்திரிகளும் கிளினிக்குகளும் ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு மொழி உதவியை இலவசமாகச் செய்ய வேண்டும். 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம் அதற்கு அடிப்படை. பெரும்பாலும் ரெலிபோனில்தான் ஆளைப் பிடித்துத் தருவார்கள். ஹிந்தி பேசுபவரைத் தந்தால், ‘தமிழ்’ என்று திரும்பவும் சொல்லுங்கள். வளர்ந்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

சோதனை

சீனி இல்லை என்று சொன்ன தாய்மாருக்கும் 24ஆம் வாரத்திலிருந்து 28ஆம் வாரத்துக்குள் சோதனை உண்டு. இங்கு பெரும்பாலும் 50 கிராம் குளுக்கோஸ் குடித்து ஒரு மணித்தியாலத்தில் இரத்தம் எடுப்பார்கள். பட்டினி தேவையில்லை. அளவு கூட வந்தால் அதுவே நீரிழிவு என்று அர்த்தமில்லை. இன்னொரு நாள் வெறும் வயிற்றோடு போய், 100 கிராம் குடித்து, மூன்று மணித்தியாலத்தில் நாலு தடவை இரத்தம் கொடுக்க வேண்டும். அதில்தான் முடிவு தெரியும். இந்த இரண்டாவது சோதனைக்குத்தான் எங்களவர்கள் போகாமல் விடுவது. அரை நாள் சம்பளம் போய்விடுமே என்ற பயம்.

பக்ரறியில் வேலை செய்பவள் என்ற முறையில் அந்தப் பயம் எனக்கும் தெரியும். ஆனால் சட்டம் ஒன்று இருக்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், கர்ப்பிணிகளுக்குத் தேவையான நியாயமான வசதிகளைச் செய்து கொடுக்க வேண்டும் என்ற சமஷ்டிச் சட்டம் 2023 யூன் 27 முதல் நடைமுறையில் உள்ளது. டொக்டரிடம் போக நேரம், இடையில் சாப்பிடவும் தண்ணீர் குடிக்கவும் ஓய்வு, இருந்து வேலை செய்யக் கதிரை ஆகியவற்றைக் கேட்கலாம். முதலாளிக்கு மிகப் பெரிய சிரமம் என்றால் மட்டுமே மறுக்கலாம். நியூ ஜேர்சியில் 2014இலிருந்து மாநிலச் சட்டத்திலும் இப்படிப் பாதுகாப்பு உண்டு. சீனி உள்ள கர்ப்பிணி நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், விரலில் குத்திச் சோதிக்க வேண்டும். ஆகவே டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி சுப்பவைசரிடம் கொடுங்கள். பிரதி ஒன்றை வீட்டில் வையுங்கள்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான தனியார் காப்புறுதிகள் இந்தச் சோதனையைத் தாயிடம் காசு வாங்காமல் செய்ய வேண்டும். போக முன் காப்புறுதிக் காட்டில் உள்ள இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டுவிடுங்கள்.

பிள்ளை பிறந்த பிறகு

பிள்ளை பிறந்து நச்சுக்கொடி விழுந்ததும் பெரும்பாலும் சீனி இறங்கிவிடும். ‘அப்பாடா, போய்விட்டது’ என்று இருந்துவிடக் கூடாது. கர்ப்பத்தில் சீனி வந்த தாய்க்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. பிரசவத்தின் பின் 4 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் சோதனை ஒன்று செய்ய வேண்டும். பிறகு ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை சோதிக்க வேண்டும்.

மெடிக்கெய்ட் பெறும் தாய்மாருக்கு முன்பு பிரசவத்தின் பின் 60 நாளோடு காப்பு முடிந்துவிடும். நியூ ஜேர்சியில் 2021இலும், கலிபோர்னியாவில் 2022இலும், ரெக்சாஸில் 2024இலும் அது 12 மாதமாக நீட்டப்பட்டது. அந்தக் காலத்துக்குள் இந்தச் சோதனையைச் செய்து முடியுங்கள்.

தாய்ப்பாலும் உதவி செய்கிறது. வட கலிபோர்னியாவில் கைசர் நிறுவனத்தில் பிரசவித்த, கர்ப்ப கால நீரிழிவு வந்த 1000 அளவிலான தாய்மாரைக் கவனித்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. கூடுதலாகவும் கூடிய காலத்துக்கும் பால் கொடுத்தவர்களுக்கு அடுத்த இரண்டு வருடத்தில் நீரிழிவு வந்தது குறைவு.

கடைசியாக, உங்களுக்குக் கர்ப்பத்தில் சீனி வந்திருந்தால் அதைத் திகதியோடு எழுதி, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பிறந்த நிறையையும் எழுதுங்கள். இருபது, முப்பது வருடம் கழித்து உங்கள் மகளிடம் ஒரு நேர்ஸ் இதே படிவத்தைக் கொடுப்பா. அப்போது அவள் ‘தெரியாது’ என்று எழுத வேண்டியிராது.

அடுத்த இதழில் சந்திப்போம். நலமாக இருங்கள்.