மேய்ச்சல் நிலம் தரிசு நிலமன்று



கோடை விடுமுறையில் நம் சபைக் குடும்பங்கள் பல வாகனம் அமர்த்திக்கொண்டு உதகைக்குச் செல்கின்றன. கரிசல் வெக்கையிலிருந்து சில நாள் விலகியிருக்க விரும்புவது தவறன்று. ஆனால் மலர்க்காட்சியும் படகுத்துறையும் கண்டு திரும்புகிறவர்களில் பெரும்பாலோர், அந்த ஊருக்குப் பெயர் தந்த மக்களைக் காணாமலே வந்துவிடுகிறார்கள். உதகமண்டலம் என்னும் பெயருக்குள் தோதவரின் குடியிருப்பைக் குறிக்கும் ‘மந்து’ என்னும் சொல் மறைந்திருக்கிறது.

தோதவர் எருமை மேய்ப்பர். அவர்களுக்குப் பால்மனையே கோவில். அங்கே பால் கறந்து வெண்ணெய் கடைகிறவரே பூசாரி. 1603-ஆம் ஆண்டில் பெனிச்சியோ என்னும் இத்தாலிய இயேசு சபைக் குருவானவர் மலையாள நாட்டிலிருந்து அந்த மலைக்கு ஏறினார். பண்டைய கிறிஸ்தவர்கள் சிலர் அங்கே வாழ்வதாகக் கேள்விப்பட்டே அவர் சென்றார். கண்டதோ எருமை மந்தைகளோடு வாழ்ந்த தோதவரை. அவர்களுடைய வழிபாடு நம்முடையதன்று. ஆயினும் அன்றாட உழைப்பை ஆராதனையிலிருந்து பிரித்துவைக்காத அவர்களுடைய வாழ்வு, ஞாயிறு காலையோடு பக்தியை முடித்துக்கொள்ளும் நம்மைச் சிந்திக்க வைக்கவேண்டும்.

அந்த மலையின் புல்வெளிக்கு நேர்ந்ததையும் நாம் அறியவேண்டும். மரமில்லாத நிலம் வீணான நிலம் என்று ஆங்கில ஆட்சியினர் எண்ணினார்கள். கற்பூர மரமும் சீகை மரமும் நடப்பட்டன. தேயிலைத் தோட்டங்கள் பெருகின. சுதந்தரத்துக்குப் பின்னும் மரநடவு தொடர்ந்தது. மழைநீரை உள்வாங்கி ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுத்த புல்வெளி சுருங்கியது. அதனோடு எருமை மந்தைகளும் குறைந்தன. பசுமையைப் பெருக்குவதாக எண்ணியே ஒரு ஜனத்தின் ஜீவனத்தைக் குறுக்கினார்கள்.

வேதம் மேய்ச்சல் நிலத்தை அப்படிப் பார்க்கவில்லை. லேவியருக்குப் பட்டணங்களைக் கொடுக்கச் சொன்ன தேவன், மதிலுக்கு வெளியே ஆயிரம் முழம் வெளிநிலத்தையும் அவர்களுடைய ஆடுமாடுகளுக்கென்று அளந்துகொடுக்கச் சொன்னார் (எண்ணாகமம் 35:2–5). அந்த வெளிநிலத்தை விற்கவும் தடைவிதித்தார் (லேவியராகமம் 25:34). உழப்படாத நிலத்துக்கும் தேவனுடைய பிரமாணத்தில் காவல் உண்டு.

இப்பொழுது நம் ஊரைப் பார்ப்போம். மல்லாங்கிணற்றிலிருந்து திருச்சுழி, அருப்புக்கோட்டை வரை, அறுவடை முடிந்த காடுகளில் கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுகிறார்கள். அந்தப் புழுக்கையும் நீருமே நம் கரிசலுக்கு எரு. ஆனால் மேய்ச்சல் புறம்போக்கும் கண்மாய்க்கரையும் சீமைக்கருவேலால் அடைபட்டிருக்கின்றன. எஞ்சிய இடம் மனையாகவும் ஆக்கிரமிப்பாகவும் மாறுகிறது. அதையும் நாம் ‘தரிசு’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நீலகிரிப் புல்வெளிக்கு இடப்பட்ட அதே பெயர் இது.

கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்கள் இவ்வட்டாரத்தில் அநேகர். அவர்களுடைய அடுப்பை அணைத்துவிட்டு நிலத்தை மீட்கச் சொல்வது நீதியன்று. ஆகையால் எல்லாவற்றையும் ஒரே நாளில் அழிக்கச் சொல்லவில்லை. ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலம் எது, அதன் எல்லை எது என்று கிராம சபையில் கேட்கிறவர்களாகச் சபையார் இருக்கவேண்டும் என்பதே என் கருத்து. நாபோத்தின் நிலம் பறிக்கப்பட்டபோது அவ்வூர் மூப்பர் நீதிக்காக நிற்கவில்லை (1 இராஜாக்கள் 21). அந்தப் பட்டியலில் நாம் சேரலாகாது.

இந்தக் கோடையில் உதகைக்குச் செல்கிறவர்கள் முத்தநாடு மந்து போன்ற ஒரு குடியிருப்புக்குப் போய்ப் பாருங்கள். அனுமதி கேட்டுச் செல்லுங்கள், பால்மனைக்குள் நுழையாதிருங்கள், புல்வெளியில் சிறிது தூரம் நடந்து, அந்த மண் எவ்வளவு நீரைத் தாங்கியிருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஊர் திரும்பியபின், நம் காட்டில் கிடை போட்டிருக்கும் கீதாரியிடமும் நின்று பேசுங்கள். அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கிறதா, அடுத்த ஊருக்கு மந்தையை ஓட்டிச்செல்ல வழி இருக்கிறதா என்று கேளுங்கள். 23-ஆம் சங்கீதத்தை மனப்பாடமாய்ச் சொல்லுகிற நாம், நம் நிலத்தின் வழியே நடந்துபோகும் மேய்ப்பனை அந்நியனாய் விடலாமோ?

நல்ல மேய்ப்பராகிய கர்த்தர், மந்தைகளுக்கும் அவற்றை மேய்க்கிறவர்களுக்கும் இடங்கொடுக்கும் இருதயத்தை நமக்குத் தருவாராக. ஆமென்.