செல்போன் மட்டும்தான் குற்றவாளியா?

"காதுல ஹெட்போன், கையில செல்போன்... அப்புறம் அடிபடாம என்ன செய்யும்?" சாலையைக் கடந்தவர் யாராவது விபத்தில் இறந்தால் டீக்கடையில் வரும் முதல் தீர்ப்பு இதுதான். செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லப் போவதில்லை. அதனால் வழக்கும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது!

செல்போனைப் பார்த்துக்கொண்டே சாலையைக் கடப்பது தவறுதான். அதில் மாற்றுக் கருத்தில்லை. அமெரிக்காவின் ஹொனலுலு நகரில் 2017 முதல் அதற்கு அபராதமே உண்டு. ஆனால் அங்கே நடக்க நடைபாதை இருக்கிறது, கடக்க சிக்னல் இருக்கிறது. இங்கே?

கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை போடி வழியாகத்தான் போடிமெட்டுக்கு ஏறுகிறது. ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே ஜீப்புகள் பறக்கின்றன, பொழுது சாய்ந்ததும் அதே வேகத்தில் இறங்குகின்றன. பொட்டிபுரம் மாதிரி கிராமங்களில் தார்ரோட்டின் ஓரம்தான் நடைபாதை. ஆடு ஓட்டிப் போகும் பெரியவரும் தண்ணீர்க் குடத்தோடு கடக்கும் அம்மாவும் எந்த வாட்ஸ்அப்பைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள்?

கணக்கைப் பார்ப்போம். மத்திய அரசின் அறிக்கைப்படி 2022ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பாதசாரிகள் 32,825 பேர், அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். மொத்த இறப்புகளில் 71 சதவீதம் அதிவேகத்தால் நடந்தவை. செல்போனும் அந்த அறிக்கையில் இருக்கிறது. ஆனால் அது வண்டி ஓட்டிக்கொண்டே பேசியவரின் செல்போன்!

கார் மோதும் வேகம் 50 கிலோமீட்டரிலிருந்து 65 ஆனால், நடப்பவர் சாகும் வாய்ப்பு 4.5 மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கவனக்குறைவு மனித இயல்பு. குழந்தை பந்தின் பின்னால் ஓடும், முதியவருக்குக் காது மந்தமாக இருக்கும். அந்தச் சின்னத் தவறுக்கு மரண தண்டனை கொடுப்பது வேகம்தான்.

கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012ல் தொடுத்த வழக்கில், நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிக்னல் இல்லாத ஜீப்ரா கோட்டில் நடப்பவருக்கே முதல் உரிமை என்பது 2017ஆம் ஆண்டு விதி. கோடே போடாத ஊரில் அந்த விதியை எங்கே நின்று கேட்பது?

முதலில் கோடு போடுங்கள். பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப் பக்கம் வேகத்தைக் குறையுங்கள். நடக்க ஓரடி இடம் விடுங்கள். அதற்குப் பிறகு நடப்பவர் கையில் இருக்கும் செல்போனைப் பற்றிப் பேசலாம், நண்பர்களே!