கண்டிப்பான கோச் வேண்டுமா?

2021 அக்டோபர் 15 இரவை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். துபாயில் நடந்த ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் கொல்கத்தாவை 27 ரன் வித்தியாசத்தில் வென்றது. நமக்கோ அதற்கு முந்தைய ஆண்டுதான் அதிகம் நினைவுக்கு வருகிறது. 2020இல் இதே அமீரகத்தில் சென்னைக்கு ஏழாவது இடம். கொரோனாவிலிருந்து தேறி வந்த ருதுராஜ் கெய்க்வாட் முதல் மூன்று ஆட்டங்களில் எடுத்தது மொத்தம் 5 ரன். இளைஞர்களிடம் துடிப்பைக் காணவில்லை என்று சொல்லி தோனியும் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனாலும் அதன்பின் ருதுராஜை உட்கார வைக்கவில்லை. கடைசி மூன்று ஆட்டங்களிலும் அவர் அரை சதம் அடித்தார். அடுத்த ஆண்டு 635 ரன்களுடன் தொடரிலேயே முதலிடம்!

இதற்கு நேர்மாறாக கிரெக் சேப்பல் காலத்தைப் பார்த்தோம். 2005 முதல் 2007 வரை இந்திய அணியின் பயிற்சியாளர். கெட்டிக்காரர்தான், அவர் காலத்தில் இலக்கைத் துரத்தித் தொடர்ந்து 17 ஒருநாள் ஆட்டங்களை வென்றோம். ஆனால் மூத்த வீரர்களே தங்கள் இடம் நிலைக்குமா என்று பயந்த அணி, 2007 உலகக் கோப்பையில் முதல் சுற்றிலேயே வீடு திரும்பியது. பின்பு வந்த கேரி கிர்ஸ்டன் குரலை உயர்த்தாதவர். 2011இல் கோப்பை கிடைத்தது.

நலவாழ்வுப் பக்கத்தில் கிரிக்கெட் கதை எதற்கு என்கிறீர்களா? நம் பிள்ளைகளுக்காகத்தான். வார இறுதியில் அகாடமிக்கு அனுப்பும்போது "கோச் ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்று பெருமையாகச் சொல்கிறோம். சென்ற ஆண்டு நம் அங்கத்தினர் ஒருவரின் பன்னிரண்டு வயது மகன், தலை சுற்றியும் வாய் திறக்காமல் ஓடி மைதானத்திலேயே விழுந்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "திட்டுவாங்க அங்கிள்" என்றான். நல்லவேளை, நிழலில் படுக்க வைத்து உடம்பைக் குளிர்வித்ததும் தேறிவிட்டான்.

நம் ஊர் வெயில் வேறு, இங்குள்ள வெயில் வேறு என்று நினைக்க வேண்டாம். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்புச் சூடும் இறங்காது. தலைவலி, வாந்தி, தடுமாற்றம் வந்தால் ஆட்டத்தை நிறுத்துவதில் எந்தத் தளர்வும் கூடாது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குச் சட்டமே தடை போடுகிறது. இந்தக் கண்டிப்பை நாம் வரவேற்கிறோம். தண்ணீர், தூக்கம், காயத்துக்கு ஓய்வு, இவற்றில் கோச் எவ்வளவு கறாராக இருந்தாலும் சரி. கேட்ச் விட்டதற்காக மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடச் சொல்வது எந்த வகைப் பயிற்சி என்பது நமக்குப் புரியவில்லை.

அடுத்த முறை ஃபீஸ் கட்டும் முன் கோச்சிடம் ஒன்று கேளுங்கள்: தண்ணீர் குடிக்க எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை விடுவீர்கள்? அவர் சிரித்தால், வேறு அகாடமி பாருங்கள்.