போன் கம்பெனிகளின் பஞ்சாங்கம்



புரட்டாசி பிறந்துவிட்டால் நாளிதழின் முதல் பக்கத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. நாலு பக்கம் புரட்டிய பிறகுதான் தலைப்புச் செய்தியே வருகிறது. அதற்கு முன்னால் வருவதெல்லாம் செல்போன். பக்கம் முழுக்க ஒரு போன், அதை ஏந்திச் சிரிக்கிற ஒரு நடிகர், கீழே கொட்டை எழுத்தில் ஒரு விலை. அந்த விலையின் தலையில் கடுகளவு ஒரு நட்சத்திரம் இருக்கும். நட்சத்திரத்துக்கான விளக்கம் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டாலும் படிக்கச் சிரமமான எழுத்தில் கிடக்கும். இன்ன வங்கியின் கார்டு வைத்திருந்தால் இவ்வளவு கழிவு, பழைய போனைக் கொடுத்தால் இவ்வளவு, ஸ்டாக் உள்ளவரை மட்டும். இத்தனையையும் கழித்தது போக மிஞ்சுகிற தொகைதான் மேலே கொட்டை எழுத்தில் இருப்பது.

விளம்பரத்தைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நம் இதழின் பின் அட்டையிலும் போன் விளம்பரம் வருவதுண்டு. அந்தக் காசும் சேர்ந்துதான் அச்சுக்கூலி கட்டுகிறோம். எனக்கு வியப்பாக இருப்பது அந்தத் தேதி. ஏன் புரட்டாசியில் இவ்வளவு ஆரவாரம்?

ஐப்பசியில் தீபாவளி. அதற்கு முன் போனஸ். சட்டக் கணக்குப்படி சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். ஒரு காலத்தில் இந்தப் பணம் ஜவுளிக்கும் பாத்திரத்துக்கும் பட்டாசுக்கும் போனது. இப்போது வீட்டில் கல்லூரிக்குப் போகிற பிள்ளை இருந்தால் முதல் பங்கு போனுக்குத்தான். பணம் கைக்கு வரும் வாரத்தைக் கம்பெனிகள் நம்மைவிடத் துல்லியமாகத் தெரிந்துவைத்திருக்கின்றன. விளம்பரம் ஆளைக் கடை வாசல்வரை கூட்டிவந்துவிடும். ஆனால் வந்தவர் பையில் பணம் இருக்கிறதா, கடைக்குள் சரக்கு இருக்கிறதா என்பது தேதி சம்பந்தப்பட்ட விஷயம். இந்த வியாபாரத்தில் தேதி தப்பினால் எந்த விளம்பரமும் கைகொடுத்ததில்லை என்பது என் கட்சி.

பிளாக்பெர்ரியின் கதையைப் பாருங்கள். 2013 ஜனவரி 30-ஆம் தேதி இசட்10 மாடலை அறிமுகப்படுத்தினார்கள். கம்பெனியின் பிழைப்பே அந்தப் போனை நம்பி இருந்தது. நாலே நாளில், பிப்ரவரி 3 அன்று, அமெரிக்காவின் சூப்பர் பவுல் இறுதிப் போட்டிக்கு நடுவே விளம்பரம் போட்டார்கள். அந்த நாட்டுத் தொலைக்காட்சியில் அதைவிடக் காஸ்ட்லியான இடம் கிடையாது. இந்தப் போனால் என்னவெல்லாம் முடியும் என்று முப்பது விநாடியில் காட்ட முடியாது, முடியாததைக் காட்டுகிறோம் என்பது விளம்பரத்தின் கரு. ஓர் ஆள் தீப்பற்றி எரிகிறார், அவருக்கு யானைக் கால் முளைக்கிறது, மோத வந்த லாரி ரப்பர் வாத்துகளாகச் சிதறுகிறது. சரி, பார்த்தவருக்கு ஆசை வந்தது என்றே வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையில் அவர் கடைக்குப் போனால் போன் இல்லை. அமெரிக்காவில் அது விற்பனைக்கு வந்தது மார்ச் 22-இல், ஏறக்குறைய ஏழு வாரம் கழித்து! ஊரெல்லாம் பத்திரிகை வைத்துவிட்டு முகூர்த்தத்தைத் தள்ளிவைத்த கல்யாணம் மாதிரி ஆயிற்று. போன் நன்றாக ஓடாததற்குத் தேதி மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அதில் ஆப்கள் குறைவு, ஐபோனும் ஆண்ட்ராய்டும் வேரூன்றிவிட்டன. ஆனாலும் இருந்த ஒரே பெரிய சத்தத்தைச் சரக்கில்லாத நேரத்தில் போட்டார்கள். அந்தச் செப்டம்பரில், விற்காமல் தேங்கிய சரக்குக்காகச் சுமார் 93 கோடி டாலரைக் கணக்கில் நட்டமாக எழுதினார்கள். அதில் பெரும்பகுதி இசட்10.

ஆப்பிளும் முதல் ஐபோனை ஆறு மாதம் முன்கூட்டியே சொன்னதே என்று கேட்கலாம். உண்மைதான். 2007 ஜனவரி 9-இல் அறிவித்தார்கள்; பிப்ரவரியில் ஆஸ்கர் விழாவின்போது ஒரு விளம்பரம் வந்தது. பழைய சினிமாக்களிலிருந்து ஆள் மாற்றி ஆள் போனை எடுத்து ‘ஹலோ’ சொல்வார்கள். கடைசியில் புதுப் போன் ஒரு கணம் தெரியும், ஜூனில் வருகிறது என்று ஒரு வரி. அவ்வளவுதான். ஜூன் 29-இல் கடைக்கு வந்தது, வரிசை நின்றது. வித்தியாசம் எங்கே? ஆப்பிளிடம் அதற்கு முன்னால் போனே கிடையாது. காத்திருங்கள் என்று சொன்னதால் அவர்களுடைய எந்தச் சரக்கும் கடையில் தேங்கவில்லை. தேங்கியிருந்தால் அது மற்றவர்களின் சரக்குதான்.

நோக்கியாவின் நிலை இதற்கு நேர்மாறு. 2011 பிப்ரவரி 11-இல், இனி எங்கள் ஸ்மார்ட்போன்களுக்கு விண்டோஸ்தான் என்று லண்டனில் மேடை போட்டு அறிவித்தார்கள். முதல் விண்டோஸ் போனான லூமியா 800-ஐக் கண்ணில் காட்டவே அக்டோபர் கடைசி ஆகிவிட்டது. இடைப்பட்ட எட்டு மாதமும் கடைகளில் இருந்தவை பழைய சிம்பியன் மென்பொருளில் ஓடிய போன்கள். செய்தவனே எதிர்காலம் இல்லை என்று சொன்ன பொருளை யார் வாங்குவார்? அதோடும் விடவில்லை. அமெரிக்காவில் லூமியா 900-ஐ 2012 ஏப்ரல் 8 அன்று இறக்கினார்கள். அன்று ஈஸ்டர் ஞாயிறு. அதை விற்க வேண்டிய ஏடி அண்ட் டி கடைகள் பலவும் பூட்டிக் கிடந்தன. காலண்டரைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை போலும். ஜூனில் மைக்ரோசாஃப்ட் வந்து, அடுத்த விண்டோஸ் இந்தப் போன்களுக்குக் கிடைக்காது என்று சொன்னது. ஜூலையில் விலை பாதியானது. நம் ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கி ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்ட நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-இல் மூடப்பட்டது. வரி வழக்கு, மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியது என்று அதற்கு நேரடிக் காரணங்கள் வேறு. ஆனால் நோக்கியா கைமாற வேண்டிய நிலைக்கு வந்ததன் தொடக்கம் அந்த லண்டன் மேடைக்கும் முந்தையது. அந்த மேடை சரிவை வேகப்படுத்தியது.

இந்தியாவுக்கு வருவோம். விளம்பரத்துக்குப் பெரிதாகச் செலவழிக்காமல் தேதியை மட்டும் வைத்தே விற்கலாம் என்று காட்டியது ஷாவ்மி. 2014 ஜூலை 22-இல் மி 3 மாடலை 13,999 ரூபாய்க்கு ஃபிளிப்கார்ட்டில் மட்டும் விற்றார்கள். வாரத்தில் ஒரு நாள், குறித்த மணி, குறைந்த சரக்கு. அந்தச் செப்டம்பரில் 5,999 ரூபாய் ரெட்மி 1எஸ் நாற்பதாயிரம் போன்கள் 4.2 விநாடியில் தீர்ந்துபோயின. மதியம் இரண்டு மணிக்கு விரலை மவுஸில் வைத்துக்கொண்டு காத்திருந்து, ‘அவுட் ஆஃப் ஸ்டாக்’ என்பதைப் பார்த்துவிட்டுப் புலம்பிய அலுவலகங்கள் எத்தனையோ. கிடைக்காதவர் நாலு பேரிடம் சொன்ன புலம்பல்தான் கம்பெனிக்குக் காசில்லா விளம்பரம். கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் பற்றாக்குறையை வைத்து ஆசையைக் கிளப்புவது எனக்குப் பிடித்த முறை அல்ல. பிறகு அவர்களும் டிவி விளம்பரம், நட்சத்திரங்கள், சொந்தக் கடை என்று எல்லோரும் போகிற வழிக்கே வந்துசேர்ந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அதே 2014-இல் அக்டோபர் 6 அன்று ஃபிளிப்கார்ட் தன் முதல் ‘பிக் பில்லியன் டே’ நடத்தியது. அந்த வருடம் நம் ஊர்த் தீபாவளி அக்டோபர் 22. இடையில் பதினாறு நாள். கூட்டம் தாங்காமல் தளம் திணறியது, நிறுவனர்கள் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். தீபாவளிக்கு முந்தைய அந்தப் பருவம் மட்டும் நிலைத்துவிட்டது. இன்று போன் கம்பெனிகள் தங்கள் மாடலையே அந்த விற்பனைக்குத் தக்கபடி இறக்குகின்றன. 2020-இல் சாம்சங் எஃப்41 மாடலை அக்டோபர் 8-இல் அறிமுகம் செய்து, ஃபிளிப்கார்ட் விற்பனை தொடங்கிய 16-ஆம் தேதியே கடைக்குக் கொண்டுவந்தது.

விவோ பிடித்தது வேறு பருவம். ஐபிஎல்லின் பெயரிலேயே தன் பெயரைச் சேர்க்க, 2018 முதல் ஐந்து வருடத்துக்கு 2,199 கோடி ரூபாய் தர ஒப்புக்கொண்டது. அந்தச் சமயத்தில் வி9 மாடல் வந்த தேதியைப் பாருங்கள்: 2018 மார்ச் 23. ஏப்ரல் 7-இல் ஐபிஎல் தொடக்கம். தினமும் சாயங்காலம் நாடே டிவி முன் உட்காரும் ஏழெட்டு வாரத்துக்குச் சற்று முன்னால், கடைகளில் சரக்கு தயார். பிளாக்பெர்ரி தவறவிட்ட கணக்கு இதுதான்.

நட்சத்திர பலம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு மைக்ரோமேக்ஸைச் சொல்வேன். 2013-இல் கேன்வாஸ் டர்போவுக்கு ஹாலிவுட்டிலிருந்து ஹியூ ஜேக்மேனையே கூட்டிவந்தார்கள். மூன்று வருடம் கழித்து, 2016 செப்டம்பர் 5-இல் ஜியோ வந்தது. 3ஜி போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. ஒரே இரவில் 4ஜி இல்லாத சரக்கெல்லாம் பழைய சரக்காயிற்று. வால்வரினாக நடித்த ஜேக்மேனாலும் அதைத் தடுக்க முடியவில்லை.

முந்திக்கொள்ள நினைப்பதிலும் ஆபத்து உண்டு. சாம்சங் நோட் 7, ஐபோன் 7-க்கு முன்பாக 2016 ஆகஸ்ட் 19-இல் விற்பனைக்கு வந்தது. பேட்டரி தீப்பற்றுவதாகப் புகார். இரண்டே வாரத்தில், செப்டம்பர் 2-இல், 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். மாற்றிக் கொடுத்த போன்களும் எரிந்ததால் அக்டோபர் 11-இல் மாடலையே நிறுத்தினார்கள். இந்தியாவில் 59,900 ரூபாய் என்று விலை சொல்லி முன்பதிவு வாங்கிய போன், கடைக்கு வராமலே போயிற்று. விமானங்களில் அந்தப் போனின் பெயரைச் சொல்லி அணைத்து வைக்கச் சொன்னது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு எதிர்ப்பாட்டுப் பாட எந்த விளம்பரம் போதும்?

251 ரூபாய் போன் ஞாபகம் இருக்கிறதா? 2016 பிப்ரவரியில் முழுப் பக்க விளம்பரம்; மறுநாள் தளம் முடங்கும் அளவுக்குக் கூட்டம். பத்திரிகையாளர்களுக்குக் காட்டிய போனில் வேறொரு கம்பெனியின் பெயரை வொயிட்னர் பூசி மறைத்திருந்தார்கள். போனே இல்லாமல் விளம்பரம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதற்கு மேல் உதாரணம் வேண்டாம்.

இதெல்லாம் கம்பெனிகளின் கணக்கு. நம் கணக்குக்கு வருகிறேன். கடைக்குள் நுழைந்ததும் பெயர் பொறித்த டி-ஷர்ட்டில் நாலைந்து பையன்கள் சூழ்ந்துகொள்கிறார்கள் அல்லவா? அவர்களில் பலர் கடை ஊழியர்கள் அல்ல. கம்பெனிகள் நிறுத்தியிருக்கிற புரொமோட்டர்கள். நீல டி-ஷர்ட் தம்பி பச்சை டி-ஷர்ட் கம்பெனியின் போனைக் காட்டமாட்டார். அது அவர் பிழைப்பு, கோபித்துக்கொள்ள வேண்டாம். பில் போடுகிற கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள். அடுத்தது வட்டியில்லாத் தவணை. ஜீரோ சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி எங்காவது ஒளிந்திருக்கும்: பிராசசிங் கட்டணத்திலோ, மொத்தப் பணம் கட்டுகிறவருக்குக் கிடைக்கும் கழிவு உங்களுக்குக் கிடைக்காமல் போவதிலோ. ரொக்க விலை என்ன, தவணையில் மொத்தம் எவ்வளவு என்று இரண்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அவர்களுடைய தேதியை நாமும் பயன்படுத்திக்கொள்ளலாம். 2023 செப்டம்பரில் ஐபோன் 15 இங்கே 79,900 ரூபாய் என்று அறிவித்த அன்று, முந்தைய நாள்வரை அதே 79,900-க்கு விற்ற ஐபோன் 14 பத்தாயிரம் குறைந்து 69,900 ஆனது. அதற்கு முந்தைய வருடமும் இப்படித்தான், அடுத்த வருடமும் இப்படித்தான். ஆகஸ்டில் வாங்கியவர் கட்டிய பத்தாயிரம், பொறுமை இல்லாததற்குக் கட்டிய பத்தாயிரம். 2007-இல் இதைவிட மோசம்: 599 டாலருக்கு விற்ற முதல் ஐபோனை, கடைக்கு வந்து பத்து வாரம் ஆவதற்குள், வருடக் கடைசிப் பண்டிகை வியாபாரத்தைக் குறிவைத்து 399 ஆக்கினார்கள். முதல் நாள் வரிசையில் நின்றவர்கள் கொதித்தெழ, அவர்களுக்கு ஆப்பிள் கடையில் செலவழிக்க 100 டாலர் வரவு கொடுத்துச் சமாதானம் செய்தார்கள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று ரொம்பப் பழைய மாடலையும் எடுத்துவிடாதீர்கள். ஏழு வருடம் அப்டேட் தருகிறோம் என்று சாம்சங்கும் கூகுளும் சொல்வது, போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து கணக்கு. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. மூன்று வருடம் கழித்து வாங்கினால் உங்களுக்கு மிஞ்சுவது நாலு வருடம்தான். பட்ஜெட் போன்களுக்கு அந்த ஏழும் கிடையாது. எத்தனை வருடம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனவே, இந்தத் தீபாவளிக்குப் போன் எடுக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பில் போடுவதற்கு முன் பெட்டியைக் கையில் வாங்கித் திருப்புங்கள். பின்புறமோ அடியிலோ ஒரு வெள்ளை லேபிள் ஒட்டியிருக்கும். அதில் அதிகபட்ச சில்லறை விலையோடு, தயாரித்த மாதமும் வருடமும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த மாதம் ஒரு வருடத்துக்கு முந்தையதாக இருந்தால், இன்னும் கொஞ்சம் குறைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்