அனுப்புநர் பெயருக்குக் காவல் போடுவது யார் பொறுப்பு?

மோசடி மின்னஞ்சல் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "இணைப்பைத் தட்டுமுன் யோசியுங்கள்" என்று கடிதத்தைப் பெறுபவருக்கே அறிவுரை சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால், யாருடைய பெயரைத் திருடி அந்தக் கடிதம் வருகிறதோ, அவரிடம் நாம் எதுவும் கேட்பதில்லை. பூட்டும் சாவியும் அவர் கையில் இருக்கின்றன. முதலில் அவர்தான் பூட்ட வேண்டும் என்பது என் கருத்து.

குறுஞ்செய்தி விஷயத்தில் இந்தப் பாடத்தைச் சிங்கப்பூர் அதிக விலை கொடுத்துக் கற்றது. 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளை நம்பி, ஏறத்தாழ 790 வாடிக்கையாளர்கள் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தார்கள். அனுப்புநர் பெயர் ஒன்றாக இருந்ததால், வங்கியின் உண்மையான செய்திகளுக்குக் கீழேயே போலியையும் கைப்பேசி அடுக்கி வைத்தது. 2023 ஜனவரி இறுதியிலிருந்து, பெயரைப் பயன்படுத்திக் குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனங்கள் அந்தப் பெயரைப் பதிவு செய்வது கட்டாயமாகிவிட்டது. மின்னஞ்சலுக்கு அப்படி ஒரே பதிவகம் கிடையாது. முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் களப்பெயர் யாருக்குச் சொந்தமோ, அவரே அதற்குக் காவல் போட வேண்டும்.

மின்னஞ்சலை எடுத்துச் செல்லும் எஸ்எம்டிபி விதிமுறையை ஜான் போஸ்டல் 1982இல் எழுதினார். அப்போது இணைப்பில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும். அனுப்புபவர் பொய் சொல்வாரோ என்ற கவலை அந்த விதிமுறையில் இல்லை. மேலும், அனுப்புநர் முகவரி ஒவ்வொரு மின்னஞ்சலிலும் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும்போது பயன்படும் 'உறை'யில். மற்றொன்று, உள்ளே இருக்கும் கடிதத்தில். உங்கள் திரையில் தெரிவது உள்ளே இருப்பதுதான். இரண்டிலும் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம்.

இதற்கு ஒரு தடுப்பு எஸ்பிஎஃப். "எங்கள் பெயரில் அனுப்ப இந்தக் கணினிகளுக்கு மட்டுமே அனுமதி" என்ற பட்டியலைக் களப்பெயரின் உரிமையாளர், டிஎன்எஸ் என்னும் இணையத்தின் பெயர்ப் பதிவேட்டில் வெளியிடுகிறார். பெறும் கணினி அதைச் சரிபார்க்கும். ஆனால், அது பார்ப்பது உறையை மட்டுமே. இன்னொரு தடுப்பு டிகிம். இதில் கடிதத்துக்கு ஒரு ரகசியச் சாவியால் கையொப்பம் இடப்படுகிறது. அதைச் சோதிப்பதற்கான பொதுச் சாவி அதே பதிவேட்டில் இருக்கும். வழியில் யாராவது கடிதத்தைத் திருத்தினால் கையொப்பம் பொருந்தாது.

சாவி வலுவாக இருந்தால்தான் இது பலிக்கும். அமெரிக்கக் கணித வல்லுநர் ஸக்காரி ஹாரிஸுக்கு ஒருமுறை கூகலிலிருந்து வேலை தொடர்பாக ஒரு மின்னஞ்சல் வந்தது. போலியோ என்று சந்தேகித்த அவர் டிகிம் சாவியைப் பார்த்தார். அதன் நீளம் 512 பிட்தான். அதாவது சுமார் 155 இலக்கம் கொண்ட ஓர் எண். அதை இரண்டு பகா எண்களாகப் பிரித்து, ரகசியச் சாவியைக் கண்டுபிடித்து, கூகல் நிறுவனர் ஒருவர் மற்றவருக்கு எழுதியதுபோல் கடிதம் அனுப்பிவிட்டார்! இரண்டே நாளில் கூகல் 2,048 பிட் சாவிக்கு மாறியது. 512 பிட் சாவியை உடைக்க வாடகைக் கணினிகளும் 75 அமெரிக்க டாலரும் மூன்று நாளும் போதும் என்று 2012இல் அவர் சொன்னார். பகா எண் வாழ்க்கையில் எதற்கு உதவும் என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்தக் கதைதான்.

2012இல் அறிமுகமான டிமார்க், இந்த இரண்டையும் திரையில் தெரியும் பெயரோடு முடிச்சுப் போடுகிறது. இரண்டு சோதனைகளில் ஒன்றாவது தேற வேண்டும். தேறிய களப்பெயர் திரையில் தெரியும் களப்பெயரோடு பொருந்தவும் வேண்டும். பொருந்தாத கடிதத்தை என்ன செய்வது என்று உரிமையாளரே முன்கூட்டி அறிவிக்கலாம்: ஒன்றும் செய்யாதே, சந்தேகக் கடிதமாக ஒதுக்கிவை, ஏற்காதே. தம் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்ற அறிக்கையும் அவருக்கு வரும்.

பல நிறுவனங்கள் "ஒன்றும் செய்யாதே" என்ற முதல் படியிலேயே நின்றுவிடுவதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது. வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டு, வருவோர் போவோரைக் குறித்து மட்டும் வைக்கச் சொல்வதுபோல் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் கூகலும் யாஹூவும் மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புவோருக்கு டிமார்க்கைக் கட்டாயமாக்கின. அவையும் அந்த முதல் படியே போதும் என்றுதான் விட்டன. தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. செய்திமடலை வேறொரு சேவை வழியாக அனுப்புபவர் அதைப் பட்டியலில் சேர்க்க மறந்தால், அவருடைய உண்மையான கடிதமே தடுக்கப்படும். அதனால், முதலில் அறிக்கைகளைப் படித்து, விடுபட்டதைச் சேர்த்து, பிறகு இறுக்க வேண்டும். அமெரிக்க மத்திய அரசு 2017 அக்டோபரில் தன் அமைப்புகளுக்கு "ஏற்காதே" நிலையை எட்ட ஓராண்டு தந்தது. அவ்வளவு பெரிய அரசாங்கத்துக்கே ஓராண்டு என்றால், ஒரு துணைப்பாட நிலையத்துக்குச் சில வாரங்கள் போதாதா?

டிமார்க் எல்லாப் பொய்யையும் பிடிக்காது. எழுத்து 'ஓ' இருக்க வேண்டிய இடத்தில் பூச்சியத்தைப் போட்டு மோசடிக்காரர் ஒரு புதிய களப்பெயரை வாங்கினால், அதற்கு டிமார்க் தேர்ச்சியும் கிடைத்துவிடும். அந்த வேறுபாட்டைப் பெறுபவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்துப் பிசகாமல் உண்மைப் பெயரிலேயே வரும் பொய்யையும் அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

கணினியில் ஜிமெயிலைத் திறந்து, ஒரு கடிதத்தின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி அதன் மூல வடிவத்தைப் பாருங்கள். மூன்று சோதனைகளின் முடிவும் அங்கே தெரியும். உங்கள் இணைப்பாட நடவடிக்கைக்குச் சொந்தக் களப்பெயர் இருந்தால், அதற்கு டிமார்க் பதிவு இருக்கிறதா என்று பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள். அதிலிருந்து மின்னஞ்சலே அனுப்புவதில்லை என்றால் வேலை இன்னும் எளிது. "யாருக்கும் அனுமதி இல்லை", "ஏற்காதே" என்று இரண்டு வரிகளைப் பதிவேட்டில் சேர்த்தால் போதும்.